பஸ்ஸில் பங்கிட்ட தப்புகள்

நீல அட்டை போட்ட நீளமான நோட்டுப் புத்தகம் அது. ஆபீஸ்களில் வருகை எழுத வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, கெட்டியான முதுகோடு இருக்கும். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் பேக்கிங் பிரிவுக்குள் நுழைந்த காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கையில் புத்தகத்தோடு வருகிறவர்கள் எதையோ எழுதிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பது என் அனுபவம். அப்படிப் போனவர்கள் நம்மைப் பற்றி நல்லது எழுதிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், 'சரி, வந்துட்டா ஒருத்தி' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் வேலை செய்வது மலேசியாவில், கிள்ளான் பட்டணத்துக்கு வெளியே, மேரு பக்கம் இருக்கும் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில். அப்போது எங்கள் லைனில் பத்துப் பெண்கள் இருந்தோம். எட்டுப் பேர் தமிழர்கள். எல்லாரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஒன்றாக வருகிறவர்கள். மற்ற இரண்டு பேர் மலாய்க்காரப் பெண்கள், மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்கள். சூப்பர்வைசர் சுபாங் ஜெயாவிலிருந்து சின்ன வெள்ளைக் காரில் வருவார். முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். அவர் எங்கள் எல்லாரையும் அக்கா என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு முன்பு இருந்த மனிதர் எங்களை "ஹோய்" என்றுதான் கூப்பிடுவார், அவரால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. திட்டுகிறவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. அக்கா, அக்கா என்று குழைகிறவளை எதை வைத்து எடைபோடுவது?

வந்த இரண்டாம் வாரமே ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். காலையில் லைன் ஓடத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். முந்தின நாள் தான் செய்த ஒரு தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்தவள் செய்ததைச் சொல்லக் கூடாது. மிஸ் அதை அந்த நீல நோட்டில் எழுதிக்கொள்வார். "யாரையும் திட்ட மாட்டேன்க்கா. யார் பேரும் ஆபீஸுக்குப் போகாது. எங்க தப்பு வருதுன்னு தெரிஞ்சாத்தானே டீமா சேர்ந்து சரி பண்ண முடியும்?" என்றார். சொல்லிவிட்டு முதல் தப்பை அவரே சொன்னார். முந்தின நாள் ஒருத்தியைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டாராம், அவளும் திருத்தவில்லையாம், அதற்கு மன்னிப்பு. இன்னொரு நாள், வீட்டில் அம்மாவிடம் கத்திவிட்டு வந்து அந்தக் கோபத்தை எங்கள் மேல் காட்டிவிட்டேன் என்று சொல்லிக் கண் கலங்கினார். அன்று மாலை பஸ்ஸில் நான் சொன்னேன்: "நல்லா நடிக்கிறா லா. நம்மள வாயத் திறக்க வைக்க அவ முதல்ல திறந்து காட்டுறா."

என் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது இரும்பு அலமாரியின் காலில் இடித்து மேல்தட்டு சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அவருடைய மேனேஜர் தோளில் கை போட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "உள்ளத எழுதிக் குடு, ஒன்னும் ஆகாது. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றாராம். இந்த மனிதர் அதை நம்பி, இரண்டு பக்கத்துக்கு மலாயில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் வேலை நீக்கக் கடிதம் வந்தது. அவர் எழுதிய தாள்களின் நகலையே அதோடு சேர்த்துப் பின் குத்தியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேலை இடத்தில் எவர் வந்து குடும்பம், டீம் என்று பேசினாலும் வாயைப் பூட்டிக்கொள்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆனால் வட்டத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தப்புகளை நாமே தயார் பண்ணிக்கொண்டு போவது. காலையில் பஸ் ஏறியதும், "இன்னிக்கு எனக்கு என்னக்கா?" என்று முன் சீட்டிலிருந்தும் பின் சீட்டிலிருந்தும் கேட்பார்கள். நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பங்கிடுவேன். "நீ முடிய மூடற தலைவலை போட லேட்டாச்சுன்னு சொல்லு. நீ டேப் தீர்ந்தது தெரியாம நின்னுட்டேன்னு சொல்லு. ஏய், நீ போன வாரம்தான் டேப் சொன்ன, இன்னிக்கு உனக்கு வேற. பெட்டியில தேதி மங்கலா விழுந்துச்சுன்னு சொல்லு." சின்னத் தப்பாக இருக்க வேண்டும், மெஷின் பக்கமே போகக் கூடாது, உடம்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இதுதான் நான் போட்ட சட்டம். ஒருத்திக்கு வட்டத்தில் நின்றதும் நான் கொடுத்த தப்பு மறந்துபோய்விட்டது. என்னைப் பார்த்து முழித்தாள். நான் தலையைச் சொறிந்து காட்டியதும், "ஆங், தலைவலை மிஸ்!" என்றாளே பார்க்கலாம். அன்றைக்கு பஸ்ஸில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒரே ஒருத்தி ஒரு தடவை சட்டத்தை மீறினாள். எள்ளு பிஸ்கட்டையும் தேங்காய் பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில் கலந்து அடைத்துவிட்டதாக, உண்மையிலேயே நடந்ததை, வட்டத்தில் சொல்லிவிட்டாள். மிஸ் திட்டவில்லை, தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். திட்டியது நான்தான். திட்டக்கூட இல்லை, பேச்சை நிறுத்தினேன். நான் நிறுத்தினால் பஸ்ஸில் மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரம் அவள் ஜன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்து வந்தாள். பிறகு ஒரு காலையில் தானாகவே என்னிடம் வந்து, "எனக்கு என்னக்கா இன்னிக்கு?" என்று கேட்டாள். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று மனதார நம்பினேன்.

டீம்வொர்க், டீம்வொர்க் என்று மிஸ் தொண்டை வறளப் பேசுவார். எங்களிடம் அது அமோகமாக இருந்தது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசினோம், ஒருத்தி தடுமாறினால் மற்றவள் தாங்கினாள். அவ்வளவையும் அவரை ஏமாற்றுவதற்காகச் செய்தோம், அதுதான் வித்தியாசம்.

இதற்கிடையில் ஃபேக்டரிக்குள் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. தலைவலைப் பெட்டி உள்ளறையிலிருந்து வாசலுக்கு வந்தது. ஒவ்வொரு மேசைக்குப் பக்கத்திலும் ஒரு டேப் சுருள் கூடுதலாகத் தொங்கியது. தேதி குத்தும் முத்திரைக்குப் புது மை வந்தது. நாங்கள் சொன்ன பொய்களுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பது இன்னும் சரி. "வாசல்ல கேமரா இருக்கு பாத்தியா? யாரு எத்தனை மணிக்கு வலை போடறான்னு பாக்கத்தான் பெட்டிய அங்க வெச்சிருக்கா" என்று விளக்கம் சொன்னேன். மலாய்க்காரப் பெண்களில் மூத்தவர் ஒரு நாள் வட்டத்தில், தனக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை, மெஷின் 'பீப்' அடித்தது தெரியாமல் இருந்துவிட்டேன் என்றார். மறுநாளே அவரை மெஷினுக்கு மறுபக்கம் மாற்றி நிற்கவைத்தார் மிஸ். "பாத்தீங்களா, ஆள குறிச்சாச்சு. ஒரு மாசத்துல அனுப்பிடுவா" என்றேன் நான். ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது, அந்த அம்மா சிரித்துக்கொண்டு மறுபக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்காமல் இல்லை. அதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்: மலாய்க்காரப் பெண் என்பதால் தொடப் பயப்படுகிறாள்.

என் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கிள்ளானில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் நாலாம் மாடியில் அவள் வாசலும் என் வாசலும் ஒட்டி ஒட்டி இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒரே பெண் குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடியவளை நான்தான் இந்த ஃபேக்டரியில் சேர்த்துவிட்டேன். அவளுக்கு சீலிங் மெஷின். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து சூடான கம்பி இறங்கி பாக்கெட்டின் வாயை ஒட்டும், காலை எடுத்தால் கம்பி மேலே போகும். அந்த மகள் யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவரும் தன் சொந்தக் குறிக்கோள் ஒன்றை எழுதி ஒட்ட வேண்டும் என்று மிஸ் வண்ணத் தாள்களைக் கொடுத்தபோது, ஒருத்தி மோட்டார் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று எழுதினாள், இன்னொருத்தி பிள்ளையின் டீச்சர் ஆங்கிலத்தில் அனுப்பும் மெசேஜைத் தானே படிக்க வேண்டும் என்று எழுதினாள். நான் வேண்டுமென்றே 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் அதையும் ஒட்டினார். இவள் எழுதியது: 'மகள் பட்டம் வாங்கும் நாளில் மண்டபத்துக்குள் யார் கையையும் பிடிக்காமல் நடக்க வேண்டும்.' என்னடி இது கல்யாணப் பொண்ணு மாதிரி என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது எனக்குத் தெரியும். ஃபிளாட்டில் பாதிப் பேருக்கு இருக்கிறது, யார் அதைப் பெரிதாகப் பேசுகிறார்கள்? ஒரு நாள் கேன்டீனில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் வந்தது. நான் கண்ணாடிக் குவளையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தேன். அவள் தன் குவளையை உள்ளங்கையில் முழுதாக அணைத்துப் பிடித்துக்கொண்டு மகளைப் பற்றி ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பார்த்தேன்.

"சுடலையாடி உனக்கு?"

அவள் குவளையைக் கீழே வைத்தாள். உள்ளங்கை செக்கச் செவேலென்று இருந்தது. "தெரிய மாட்டேங்குதுடி. கால்லயும் அப்படித்தான். நேத்து ஒரு செருப்பு கழண்டு விழுந்துருக்கு, மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ள போன பிறகுதான் பார்த்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ்கிட்ட சொல்லிடவா? மெஷின மாத்திக் குடுப்பாங்களோ என்னமோ" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "பைத்தியமா உனக்கு? சொன்ன மறுநாளே மெடிக்கல்னு சொல்லி உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவா. மக படிப்பு முடியற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரு. எங்க வீட்டுக்காரர் கதை தெரியுமில்ல?" தெரியும் என்று தலையாட்டினாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவளுக்கு நான் கொடுத்த தப்பு, லேபிளைக் கோணலாக ஒட்டிவிட்டேன் என்பது. வட்டத்தில் அவள் அதைக் குனிந்துகொண்டே சொன்னாள். மிஸ் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் அவள் மேசையில் லேபிள் நேராக நிற்பதற்கு ஒரு மரச்சட்டம் அடித்து வைத்திருந்தார்கள். அவள் அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "இவங்க நல்லவங்கடி" என்றாள். "நல்லவங்க மாதிரி" என்றேன் நான்.

நாலு மாதம் கழித்து, ஒரு முற்பகல். எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று மேசை. முதலில் வாடைதான் வந்தது. பிளாஸ்டிக் தீய்கிற வாடை எங்களுக்குப் பழக்கம், இது வேறு. திரும்பிப் பார்த்தால் அவள் பக்கத்து மேசைக்காரியிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். கால் பெடலின் மேலேயே இருக்கிறது. கம்பி இறங்கியிருக்கிறது. இடது கையின் இரண்டு விரல் கம்பிக்கு அடியில் இருக்கிறது. கால் மிதித்துக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியவில்லை, விரல் வேகுவதும் தெரியவில்லை. முகத்தில் சிரிப்புகூட இருந்தது. நான் போட்ட சத்தத்தில் லைனே நின்றது. ஓடிவந்து மெஷினை அணைத்து அவள் கையை வெளியே எடுத்தது மிஸ்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். காரில் நானும் இருந்தேன். அவள் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மகளுக்கு இப்ப பரீட்சை, போன் பண்ணிடாதீங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். இனிப்பு நீர் உடம்பில் புண் ஆறவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. ஆபீஸ் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், எதிரில் மிஸ் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் அந்த நீல நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றுதான். இடது பக்கம் நாள்வாரியாக எங்கள் தப்புகள். நான் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே பங்கிட்ட தப்புகள், ஒன்று விடாமல், அழகான கையெழுத்தில். யார் பெயரும் அதில் இல்லை, மேசை எண் மட்டும்தான். வலது பக்கம், ஒவ்வொரு தப்புக்கும் நேராக, அவர் என்ன செய்தார் என்பது. தலைவலைப் பெட்டி வாசலுக்கு. டேப் கூடுதலாக. புது மை. மரச்சட்டம். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. இல்லாத குறையை எல்லாம் அந்தப் பெண் எட்டு மாதமாக உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்.

நடுவில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார். "தினமும் கேட்டிருக்கீங்க. கையில உணர்ச்சி இல்லாத ஆள் எட்டு மாசமா உங்க முன்னால நின்னிருக்காங்க. இந்தப் புத்தகத்துல அதப் பத்தி ஒரு வரி இல்ல. அப்ப என்னத்தக் கேட்டீங்க?" என்றார். மிஸ் விரித்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சொல்ற அளவுக்கு என் மேல நம்பிக்கை வர்ற மாதிரி நான் நடந்துக்கலை சார். அது என் தப்புதான்" என்றார். வட்டத்தில் சொல்வது போலவே சொன்னார். என்னிடம் கேட்டபோது, "எனக்கு ஒன்னும் தெரியாது சார்" என்றேன். மனசு அடித்துக்கொண்டது, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று. ஆனால் பின் குத்திய அந்த நகல் தாள் கண்முன் வந்து நின்றது. என் வாய் திறக்கவில்லை. மாதம் முடிவதற்குள் மிஸ் வேலையை விட்டுவிட்டார். அவராகப் போனாரா, போகச் சொன்னார்களா என்று எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் என்னை லைன் லீடராகப் போட்டார்கள். பெண்கள் எல்லாரும் என் பேச்சைக் கேட்கிறார்களாம், அதுதான் காரணமாம்.

காலை வட்டத்தை மட்டும் கம்பெனி விடவில்லை. அதை ஒரு விதியாக எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார்கள். ஆறு வருடமாக நான்தான் நடத்துகிறேன். இப்போது லைனில் பாதிப் பேர் புதியவர்கள், எனக்கு மகள் வயதுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் சொல்வதைக் கேட்கும்போது எது நிஜம், எது தயார் பண்ணிக்கொண்டு வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். பொய்யைப் பங்கிட்டவளுக்கு அது தெரியாதா? நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன தீபாவளிக்கு முன் துணி எடுக்க கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கூட்டமான கூட்டம். பூக்கடைப் பக்கம் எதிரில் மிஸ் வருவதைப் பார்த்தேன், கையில் ஒரு சின்னப் பையனைப் பிடித்துக்கொண்டு. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பூ விலை கேட்கிறவள் போல நின்றுவிட்டேன். அவர் விடவில்லை. "அக்கா! நீங்கதானே?" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதல் கேள்வியே அவளைப் பற்றித்தான். "அந்த அக்கா கை எப்படி இருக்கு? மக படிச்சு முடிச்சிட்டாங்களா?" முடித்துவிட்டாள், பெட்டாலிங் ஜெயாவில் நல்ல வேலை, அம்மாவை நன்றாக வைத்திருக்கிறாள் என்றேன். "என்கிட்ட ஏன் சொல்லாம விட்டாங்கன்னு இன்னும் யோசிப்பேன்க்கா" என்றார். என் முகத்தையே பார்த்தார். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரா? ஆழம் பார்க்கிறாரா? அவர் கையிலிருந்து என் கையை விடுவித்துக்கொண்டு, "அவ கொஞ்சம் கூச்ச சுபாவம் மிஸ்" என்றேன். கிள்ளானுக்கு ரயில் வரும்வரை பிளாட்ஃபாரத்தில் நின்று, கேவலமான பிறவி நீ என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல் இருக்கும் கையால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து மற்றக் கையால் தோலை இழுப்பாள்; பார்த்துப் பழகிவிட்டது. மிஸ்ஸைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டதையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"ஒரு நாள் சொல்லத்தான் போனேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க போன?"

"மிஸ் ரூமுக்கு. லேபிளுக்கு அந்தக் கட்டை அடிச்சு வெச்சாங்கல்ல, அதுக்கு மறுநாள் சாப்பாட்டு நேரத்துல. இவ்ளோ சின்ன விஷயத்துக்கே கட்டை அடிச்சுக் குடுத்தவங்க இதுக்கும் ஏதாச்சும் பண்ணுவாங்கன்னு தோணுச்சு. கதவுல கைய வெச்சிட்டேன். அப்ப திரும்பிப் பார்த்தேன். நீ லைன் பக்கத்துல இடுப்புல கைய வெச்சு என்னையே பார்த்துட்டு நின்ன."

"நான் நின்னேனா?"

"நின்னடி. உன் மூஞ்சியப் பார்த்தேன். அப்படியே பாத்ரூம் பக்கம் திரும்பிப் போயிட்டேன்."

எனக்கு அது நினைவே இல்லை. இருந்திருக்கும். அப்போதெல்லாம் யார் அந்த அறைப் பக்கம் போனாலும் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். "அதுக்கு ஏண்டி திரும்பின? வேலை போயிடும்னு பயந்துட்டியா?" என்று கேட்டேன். அப்படித்தான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "மிஸ்ஸுக்கு நான் பயப்படலடி. உனக்குத்தான் பயந்தேன்" என்றாள். "எள்ளு பிஸ்கட் கலந்தவ ஒரு வாரம் பஸ்ல எப்படி வந்தான்னு பார்த்தேன்ல. நீதான் வேலை வாங்கிக் குடுத்த, நீதான் பக்கத்து வீடு. நீயும் பேசலைன்னா எனக்கு யாரு இருக்கா சொல்லு." சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

வாழ்நாள் முழுக்க எதைக் கண்டு பயந்தேனோ, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆளை வாய்மூட வைக்கிற அந்த முகம், அது என் கழுத்துக்கு மேலேதான் இருந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் எழுதிக் குடுத்ததுக்கு இன்னிக்கும் வருத்தப்படல. நீதான் எனக்குப் பதிலா வருத்தப்பட்டுட்டே இருக்க" என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வட்டம் கூடியது. என் தப்பை முதலில் சொன்னேன். பஸ்ஸில் பங்கிட்டதையும், கேன்டீன் தேநீரையும், விசாரணையில் வாய் திறக்காததையும் சொன்னேன். பழைய ஆட்கள் மூன்று பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்து நின்ற பெண் வாயைத் திறந்தாள். "நேத்து நான்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண்ணில் ஏதோ ஒன்று மாறியது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் மெதுவாக அடுக்கிவிட்டேன் என்றாள். அந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஆறு வருடமாக என் முன்னால் தினமும் இதுதான் நடந்திருக்கிறது, நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன செய்வதென்று தெரியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "நான் பார்க்கல. எழுதவும் மாட்டேன். சொல்றதுன்னா சொல்லுங்க" என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. லைன் தொடங்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா" என்றது ஒரு குரல். "நேத்து இல்ல, ஒரு மாசமாவே. ரொம்ப நேரம் நின்னா எனக்குத் தல சுத்துதுக்கா. மெஷினப் பிடிச்சிட்டுத்தான் நிக்கறேன்."

யார் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறாளா, இல்லை எம்.சி. லீவு எடுக்க வழி பார்க்கிறாளா, யாராவது பஸ்ஸில் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களா என்று என் பாழும் மனசு உடனே கேட்டது. முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கழுத்து தானாகத் திரும்பப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, "அப்படியாம்மா? இன்னிக்கு நீ உக்காந்து செய்யற மேசைக்குப் போ. மத்தியானம் நானே உன்ன கிளினிக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.